மாமையும் வெண்களிம்பும்

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் ஒரு பெண்ணின் மேனியழகைச் சொல்லப் புகுந்தால் 'மாமை' என்ற சொல்லை விரும்பி எடுத்தாண்டார்கள். மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் கூறுவர். கருமையும் செம்மையும் கலந்து மினுங்கும் நிறம் அது. தலைவன் பிரிந்த காலத்தில் அந்த மாமை கெட்டு மேனியிற் படரும் வெளிறிய நிறத்துக்குப் 'பசலை' என்று பெயர் வைத்தார்கள். பீர்க்கம்பூவை அதற்கு உவமை சொன்னார்கள். வள்ளுவர் 'பசப்புறுபருவரல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆகவே, அந்தப் பழைய உலகத்திலே தோல் வெளிறுதல் துயரத்தின் அறிகுறி. நோய் என்றே அதனைக் கருதினார்கள்.

இன்று காசு கொடுத்துப் பசலை வாங்குகின்றோம்.

திருகோணமலைக் கடைத்தெருவில் அழகுசாதனப் பொருள் விற்கும் கடைகளின் கண்ணாடித் தட்டுகளை நின்று பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சீப்பு, வளையல், வாசனைத் தைலம் ஆகியவற்றின் நடுவே உள்ளங்கையில் அடங்கும் சிறு சிமிழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆக்கியவர் பெயரும் முகவரியும் உட்பொருட் பட்டியலும் ஒழுங்காக உண்டு. வேறு சிலவற்றில் வெண்முகப் பெண்ணொருத்தியின் படமும் நமக்கு வாசிக்கத் தெரியாத ஏதோவொரு மொழியின் எழுத்துகளும் அன்றி வேறொன்றும் இல்லை. துறைமுக நகரம் ஆகையால் கடல் கடந்து வரும் பொருளுக்கு இங்கே என்றும் ஒரு மதிப்பு உண்டு. சிமிழில் எழுதியிருப்பது விளங்காமல் இருப்பதே சிலருக்கு அதன் தரத்துக்குச் சான்றாகிவிடுகிறது!

மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்', 'பொதுநிறம்' என்று எழுதும் வழக்கத்தை இடித்துரைத்துப் பலரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரியே. 1975ஆம் ஆண்டு இந்தியாவிலே விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற முகப்பூச்சு ஒன்று, நிறத்தைச் சுட்டும் தன் பெயரையே 2020ஆம் ஆண்டு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 'ஃபெயர் அன்ட் லவ்லி' என்பது 'க்ளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. அவ்விவாதத்தை இங்கே நீட்ட நான் விரும்பவில்லை. நான் இரசாயனம் கற்பித்தவள். சிமிழுக்குள் என்ன இருக்கின்றது என்பதே என் கேள்வி.

தோலின் கருமையைக் குறைப்பதற்கென வைத்திய நூல்கள் ஒப்புக்கொண்ட மருந்துகளில் முதலிடம் பெறுவது ஐதரோகுவினோன் என்னும் பொருள். அதன் பெயரை நான் முதலிற் கேட்டது பாடசாலையில் அன்று. என் தாய்மாமனாருடைய புகைப்படக் கூடத்தின் இருட்டறையிலேதான். சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், தட்டிலிருந்த திரவத்துள் வெற்றுத் தாளை அமிழ்த்துவார். சிறிது நேரத்தில் அத்தாளிலே ஒரு முகம் மெல்ல மெல்லக் கருமை கொண்டு எழும். அந்தத் திரவத்தில் வேலை செய்தது ஐதரோகுவினோன். ஒளி பட்ட வெள்ளி உப்பை அது கறுத்த வெள்ளித் துகளாக மாற்றுகின்றது. படத்தைக் கறுப்பாக்கும் அதே பொருள் முகத்தை வெளுப்பாக்கும் என்று பிற்காலத்தில் நூலொன்றிற் படித்தபோது நான் வியந்ததுண்டு. வியப்பதற்கு இடமில்லை, இரண்டு வேலைகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஐதரோகுவினோன் தான் எளிதில் ஒட்சியேற்றம் அடையும் பொருள். அவ்வாறு அடைகையில் அருகிலிருப்பதை மாற்றிவிடும்.

அதன் அமைப்பு மிக எளியது. ஆறு காபன் அணுக்கள் சேர்ந்த பென்சீன் வளையம். அதன் எதிரெதிர் முனைகள் இரண்டிலும் ஒவ்வோர் ஐதரொட்சில் கூட்டம். அவ்வளவே. 1820ஆம் ஆண்டில் பெல்லெத்தியர், கவெந்தூ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குவினிக்கு அமிலத்தை உலர வடித்து இதனை முதன்முதலாகப் பெற்றார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவை அதே பட்டையிலிருந்து பிரித்தெடுத்தவர்களும் இவர்களே. ஐதரோகுவினோன் என்னும் பெயரில் இன்றும் 'குவின்' என்னும் அந்த மரத்தின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இனித் தோலுக்கு வருவோம். மேற்றோலின் அடித்தட்டில் நிறப்பொருள் ஆக்கும் கலங்கள் இடையிடையே அமர்ந்திருக்கின்றன. கறுத்தவருக்கு அவை மிகுதி, வெளுத்தவருக்குக் குறைவு என்று பலரும் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. நோர்வே நாட்டானுக்கும் நம்மூர் மனையாவெளி மீனவனுக்கும் அக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும், அது பொதியப்படும் நுண்பைகளின் பருமனுமே வேறு. அந்நுண்பைகளை அயலிலுள்ள கலங்கள் வாங்கித் தம் கருவுக்கு மேலே குவித்து வைத்துக்கொள்கின்றன. வெயிலுக்குக் குடை பிடிப்பது போலத்தான். வெயிலின் ஊதா கடந்த கதிர் கருவில் உள்ள மரபுப் பொருளைச் சிதைக்காமல் இந்தக் குடை காக்கின்றது.

மெலனின் பிறக்கும் வழியில் முதற்படியை நடத்துவது தைரோசினேசு என்னும் நொதியம். அதன் நடுவிலே செம்பு அணுக்கள் இரண்டு உள. தைரோசின் என்னும் அமினோ அமிலத்தை அது பற்றிக்கொண்டு ஒட்சியேற்றுகிறது. அங்கிருந்து படிப்படியாகக் கரிய நிறம் விளைகின்றது. தைரோசினிலும் ஒரு பென்சீன் வளையமும் அதில் ஓர் ஐதரொட்சில் கூட்டமும் உண்டு. ஐதரோகுவினோனின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கின்றது. உருவ ஒற்றுமையால் அது நொதியத்தை ஏமாற்றித் தைரோசினுக்குரிய ஆசனத்தில் தான் ஏறி அமர்கின்றது. நிறம் ஆக்கும் வேலை தடைப்படுகின்றது. அதனோடு நில்லாமல், ஒட்சியேற்றத்தால் தான் குவினோனாக மாறி நிறக்கலத்தின் உள்ளுறுப்புகளுக்கு ஊறும் விளைவிக்கின்றது. முன்னையது மருந்தின் குணம். பின்னையது நஞ்சின் குணம். இரண்டையும் பிரிப்பது அளவும் காலமுமே.

இந்தக் குடும்பத்துப் பொருள்கள் தோலை வெளுக்கச் செய்யும் என்பது ஆய்வுகூடத்தில் அறியப்பட்டதன்று. தொழிலாளர் கைகளிலே அறியப்பட்டது. அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றிலே இறப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்தவர்களுக்குக் கையிலும் முன்கையிலும் வெண்திட்டுகள் தோன்றின. பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் ஆதலால் அத்திட்டுகள் பளிச்செனத் தெரிந்தன. ஆராய்ந்தபோது, இறப்பர் விரைவில் வெடித்துப் போகாமலிருக்க அதிற் கலந்த ஒரு பொருளே காரணம் என்று புலப்பட்டது. ஐதரோகுவினோனின் ஒரு முனையிலே பென்சைல் தொகுதி ஒன்றை ஒட்டிய பொருள் அது, மொனோபென்சோன் என்பர். 1939ஆம் ஆண்டில் ஒலிவர், சுவாட்ஸ், வாரன் என்னும் மூவர் இதனை வெளியிட்டார்கள். ஒரு தொழிலாளியின் கையைக் கெடுத்த பொருள், சில ஆண்டுகளில் முகப்பூச்சாகப் பரிசீலிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்! மொனோபென்சோன் நிறக்கலத்தை மீளாதபடி அழிக்கின்றது. பூசாத இடத்திலும் வெண்திட்டு உண்டாக்கவல்லது. வெண்புள்ளி நோய் உடலின் பெரும்பகுதியில் பரவியவர்களுக்கு எஞ்சிய நிறத்தையும் நீக்குவதன்றி அதற்கு வேறு உபயோகம் இல்லை என்று வைத்தியர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அதன் தாய்ப்பொருளான ஐதரோகுவினோன் அவ்வளவு கொடியதன்று. பூச்சை நிறுத்தினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

ஐதரோகுவினோனை முற்றாகப் பழிப்பவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. மங்கு என்று நாம் சொல்லும் கரும்படை, பிள்ளைப்பேற்றை ஒட்டியும் கருத்தடை மாத்திரைகளாலும் வெயிலாலும் கன்னத்திலும் நெற்றியிலும் படர்வது, பல பெண்களை மெய்யாகவே வருத்துகின்றது. அதற்கு 2 முதல் 4 வீதம் ஐதரோகுவினோன் சேர்ந்த களிம்பை இரவிலே படை உள்ள இடத்தில் மாத்திரம் பூசச் செய்து, சில மாதங்களில் நிறுத்திவிடுவது தோல் வைத்தியர்களின் முறை. 1975ஆம் ஆண்டில் கிளிக்மன், வில்லிஸ் என்னும் இருவர் இதனோடு உயிர்ச்சத்து ஏ வழிவந்த ஓர் அமிலத்தையும் ஸ்டீரொயிட் மருந்தொன்றையும் கூட்டிச் செய்த கலவையின் வழியிலேதான் இன்றைய முக்கலவைக் களிம்புகள் வந்தன. மேற்றோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகுமாதலால் பலன் தெரியவும் ஒரு மாதமாவது செல்லும். இரண்டு நாளில் வெளுத்தது என்றால் அதில் வேறேதோ இருக்கின்றது என்று பொருள். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஆகாது. தோல் வழியே இது கணிசமாக உடலுட் செல்கின்றது. காற்றுப் பட்டுப் பழுப்பேறிய களிம்பையும் வீசிவிட வேண்டும். அது ஒட்சியேறிக் கெட்டுவிட்டது. எலிகளுக்கு மிகுதியாக ஊட்டியபோது கட்டிகள் தோன்றியமையால் புற்றுநோய் அச்சம் ஒன்றும் எழுந்தது. மனிதரிடத்தே அதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதனை நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

மெய்யான அச்சம் வேறிடத்தில் இருக்கின்றது. 1975ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் பின்ட்லே என்னும் தோல் வைத்தியரும் அவருடைய துணைவர்களும் ஒரு விபரீதத்தை விவரித்தார்கள். வெளுப்பதற்காக ஆண்டுக்கணக்கிற் செறிந்த ஐதரோகுவினோன் களிம்பு பூசிய கறுப்பினப் பெண்களுடைய கன்னங்களில், வெயில் படும் மேட்டுப் பகுதிகளிலே, நீலம் பாய்ந்த கருமை படிந்து தோல் தடித்துக் கரடாகியிருந்தது. ஒக்குரோனோசிசு என்று அதற்குப் பெயர். அந்நிறப்படிவு மேற்றோலிலே இருந்தால் காலத்தால் உதிர்ந்துவிடும். இதுவோ உட்டோலின் நார்களில் ஊறிக் கிடப்பது. ஆகையால் எளிதில் தீர்வதில்லை. கருமை கூடுகின்றதே என்று அஞ்சிய பெண் இன்னும் மிகுதியாகப் பூசினாள். பூசப் பூச அது இன்னும் கறுத்தது. நிறவெறி அரசாண்ட நாட்டில் ஒரு பெண் எதற்காக வெளுக்க விரும்பியிருப்பாள் என்று கேட்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் அந்நாடு அழகுசாதனப் பொருள்களில் ஐதரோகுவினோனைத் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்வழியைப் பின்பற்றின. ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியர் சீட்டின்றி 2 வீதக் களிம்பு வாங்கும் வழி 2020ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டது.

என்னிடம் படித்த ஒருத்தி, மூதூர்ப் பக்கத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், சென்ற ஆண்டிலே என்னைப் பார்க்க வந்திருந்தாள். கன்னத்து மங்குக்கென்று ஒரு சிமிழ் வாங்கிப் பூசியிருக்கின்றாள். "ரீச்சர், இது நல்லா வேலை செய்யுது. ஆனா வெயிலுக்க போனா எரியுது, விட்டா முந்தினதை விடக் கறுக்குது" என்றாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. கூர்ந்து பார்த்தால், தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து அடியில் நுண்ணிய செந்நரம்புகள் தெரிந்தன. சிமிழை வாங்கிப் பார்த்தேன். உட்பொருள் எதுவும் அச்சிடப்படவில்லை. ஒரு மூலையில் மாத்திரம், பூசும்போது பொன், வெள்ளி நகைகளிற் படவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது.

அந்த ஒரு வரியே எனக்குப் போதுமாயிருந்தது. பொன்னோடு கலந்து அதனை வெளிறச் செய்யும் பொருள் எது? இரசம்! பொற்கொல்லர் எல்லாரும் அறிந்த உண்மை இது. இரசத்தின் உப்புகள் தைரோசினேசின் செம்பு இருக்கும் இடத்தைக் கெடுத்து நொதியத்தை முடக்குகின்றன, நிறம் குறைகின்றது. ஆனால் அவை தோலோடு நிற்பதில்லை. குருதியிற் கலந்து சிறுநீரகத்திற் சென்று தங்குகின்றன. பூசியவளின் துவாயிலிருந்தும் தலையணையிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது சேர்கின்றது. முகம் மெலிந்து நரம்பு தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டீரொயிட். பெயர் போடாத களிம்புகளிலே அதனையும் சேர்த்துவிடுவது ஒரு வழக்கம். தொடக்கத்தில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். நிறுத்தியவுடன் சிவந்து எரியும். எரிவு தணிய மறுபடியும் அதையே நாட வேண்டிவரும். வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் தந்திரம் இதனினும் வேறுண்டோ?

இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலே கோட்டக்கல் என்னும் ஊரின் வைத்தியசாலை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரையில் சிறுநீரகத்தின் வடிசவ்வு தடிக்கும் நோயோடு 22 பேர் காணப்பட்டார்கள். அவர்களுள் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிய வகையொன்று. அந்த 15 பேரில் 13 பேர் வெண்களிம்பு பூசியவர்கள். முகத்துக்குப் பூசியது சிறுநீரில் நுரையாகவும் காலில் வீக்கமாகவும் வெளிப்பட்டது. களிம்பை விட்டதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இரசத்தின் கொடுமைக்கு ஒரு துறைமுக ஊரின் பெயரே உலகத்தில் நிலைத்துவிட்டது. யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைக் கழிவாகக் கலந்த இரசச் சேர்வை மீன் வழியே மீனவக் குடும்பங்களை முடமாக்கிய செய்தி 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அப்பெயரிலே 2013ஆம் ஆண்டில் எழுந்த சர்வதேச உடன்படிக்கை, இரசம் கலந்த அழகுசாதனப் பொருள்களை ஆக்குவதையும் நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதையும் விலக்குகின்றது. முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கே தடை இருந்தது. 2023ஆம் ஆண்டிற் கூடிய மாநாட்டில் அந்த எல்லையையும் நீக்க முடிவு செய்தார்கள். இலங்கையும் அதில் ஒரு தரப்பு. மருந்துகளைப் பதிவு செய்வதற்கென 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் நம் நாட்டில் உண்டு. சட்டம் இல்லை என்று நாம் முறையிட முடியாது. ஆயினும் பயணப் பொதியின் ஓரத்திற் செருகி வரும் சிமிழைச் சட்டம் தேடிப் பிடிப்பது அரிது. பெயர் தெரிந்த நிறுவனம் செய்த பொருளாயின், தவறு நேர்ந்தாலும் அதனை மீளப்பெற ஒருவர் இருப்பார். 2013ஆம் ஆண்டில் யப்பானின் கனெபோ நிறுவனம், உரோடோடென்டிரால் என்னும் புதிய வெளுப்புப் பொருள் சேர்ந்த தன் பூச்சுகளால் பலருக்கு வெண்திட்டு உண்டானபோது, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது. அப்பொருளும் பீனோல் குடும்பத்ததே, ஐதரோகுவினோனின் உறவினன். முகவரியற்ற சிமிழையோ யார் திரும்பப் பெறுவார்?

மங்குக்கு மருந்து பூசிவிட்டு நண்பகலிற் குடையின்றி நடப்பது, ஓட்டைத் தோணியில் நீரை இறைப்பதற்கு ஒப்பாகும். வெயிலைத் தடுக்காத மங்குச் சிகிச்சை எதுவும் நிலைப்பதில்லை என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றார்கள். கட்புலனாகும் ஒளியும் மங்கை வளர்ப்பதால், தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்து சற்றே நிறம் கொண்ட வெயிற்காப்புப் பூச்சே நம் போன்ற தோலினர்க்கு ஏற்றது. இவ்விடத்தில் நம் மாவட்டத்தவர்க்கு ஒரு செய்தி. நகருக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கிடக்கும் கருமணல் இல்மனைற். அதில் இருப்பவை இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனுமே. 1957ஆம் ஆண்டிலே அதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். கறுத்த மணலாக நாம் கப்பலேற்றும் பொருளிலிருந்தே பிற நாட்டார் தூய வெண்ணிறப் பொடியைப் பிரித்து எடுக்கின்றார்கள். முகப்பவுடரிலும் வெயிற்காப்புப் பூச்சிலும் வெண்மை தருவது அப்பொடியே. அது தோலின் மேலே நின்று வெயிலைத் தடுப்பதன்றி, நிறக்கலத்தின் வேலையில் தலையிடுவதில்லை.

என் மாணவியைத் தோல் வைத்தியரிடம் அனுப்பிவைத்தேன். ஸ்டீரொயிட்டைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்த அவளுக்குப் பல வாரங்கள் சென்றன. அந்த வாரங்களில் முகம் சிவந்து வீங்கிய நிலையிலும் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றாள். அதன் பின்னரே வைத்தியர் 2 வீத ஐதரோகுவினோன் களிம்பை, நாள் குறித்து, எழுதிக் கொடுத்தார். இவ்வாறான களிம்பு பூசியவர்கள் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், அச்சத்திலே சிமிழைக் கிணற்றடியில் எறிந்துவிடாதீர்கள். வாயை இறுக மூடிப் பொலித்தீன் பையிலிட்டு வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். சிறுநீரில் இரசம் உண்டா என்று சோதிக்கச் சொல்லும்போது அந்தச் சிமிழே முதற் சாட்சி.